வழுவும் வழுவமைதியும்: எலன் உல்மனின் ‘த பக்’ என்னும் நாவல் பற்றிய ஒரு நோக்கு

தமிழிலக்கண நூலார் சொல்லிலக்கணம் கூறப் புகுந்தவிடத்து வழுவினைப் பற்றி விரிவாகப் பேசுவர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு ஆகிய எழுவகையாலும் வழு நேரும் என்பது நன்னூலார் வகுத்த முறை. வழுவை விலக்குமாறு கூறிய அவ்வாசிரியர்களே வழுவமைதி என்னும் பிறிதொன்றையும் உடன்வைத்துக் கூறினர். உவப்பு மிகுதியாற் பசுவைத் தாயென்று உயர்திணையிற் சொல்லும் உழவனும், ஆண்மகவைப் பெண்பாலாற் கொஞ்சும் தாயும் இலக்கணத்தின் முன் குற்றவாளிகளல்லர். அவர்தம் வாக்கிற் சொல் பிறழ்ந்ததேயன்றிக் கருத்துப் பிறழவில்லை. கேட்பவன் உள்ளம் அப்பிறழ்ச்சியைத் தானே நிரப்பிக்கொள்கின்றது. ஆதலின் இலக்கணமும் அதனை அமைத்துக்கொண்டது.

கணினித்துறைக்குத் தமிழிற் கலைச்சொல் ஆக்கியோர் ‘பக்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ‘வழு’ என்பதனையே தெரிந்தெடுத்தனர். ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருள் பூச்சி என்பதாகும். 1947 ஆம் ஆண்டு செப்டெம்பர் 9 ஆந் திகதி ஹாவட் பல்கலைக்கழகத்தின் ‘மார்க் 2’ என்னும் கணிப்பொறியின் உறுப்பொன்றில் விட்டிலொன்று அகப்பட்டிருந்ததும், அதனை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்ததும் பலரும் எடுத்தாளும் செய்தி. எனினும் அதற்கு ஏறத்தாழ எழுபதாண்டு முன்னரே, 1878 இல், எடிசன் தம் கடிதமொன்றிற் பொறிகளின் கோளாற்றுக்கு இச்சொல்லை வழங்கியிருத்தலின், பூச்சியாற் பெயர் பிறந்தது என்பார் கூற்றுப் பொருந்தாது. பெயர் முன்னரே இருந்தமையாலேதான் பூச்சி அகப்பட்டபோது நகைப்புப் பிறந்தது. ஒல்லாந்து நாட்டுக் கணினியறிஞரான டைக்ஸ்ற்றா, பூச்சி என்னும் பெயரை ஒழித்துப் பிழை என்றே சொல்லுதல் வேண்டுமென 1988 இல் வற்புறுத்தி எழுதினார். பூச்சி வெளியிலிருந்து தானாக ஊர்ந்து வருவது. பிழையோ செய்தவன் கையிலிருந்து வருவது என்பது அவர் கருத்து. தமிழ்க் கலைச்சொல் அவர் வேண்டியதை இயல்பாகவே நிறைவேற்றிவிட்டது. ஆயின், பிழையைச் செய்தவன்மேற் சுமத்தும் அந்நேர்மைக்கு ஒரு விலையும் உண்டு. அவ்விலை யாது என்பதே எலன் உல்மன் அம்மையார் எழுதிய ‘த பக்’ என்னும் நாவலின் பொருளாகும்.

இந்நாவல் 2003 ஆம் ஆண்டில் வெளிவந்தது. உல்மன் அம்மையார் 1970களின் இறுதி தொட்டு நிரலாளராகத் தொழில் புரிந்தவர். அத்தொழில்வாழ்வைப் பொருளாகக் கொண்டு 1997 இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலாற் புகழ்பெற்றவர். கணினித் தொழிலைக் களமாகக் கொண்ட நாவல்கள் வேறுஞ் சில உள. டக்ளஸ் கூப்லண்டின் ‘மைக்குரோசேர்வ்ஸ்’ (1995) நகைச்சுவை மிக்கது. டேவ் எகர்ஸின் ‘த சேர்க்கிள்’ (2013) வருங்காலம் பற்றிய எச்சரிக்கையாக அமைவது. ஹன்னா பேர்வூற்ஸ் 2021 இல் ஒல்லாந்து மொழியில் எழுதிய சிறு நாவல், இணையத்திற் பரவும் கொடிய காட்சிகளைப் பார்த்து அகற்றும் ஊழியரின் உளச்சிதைவைக் காட்டுவது. இவற்றுள் உல்மனின் நாவலுக்குத் தனியிடம் உண்டு. பிறர் கணினித் தொழிலாளரின் சூழலை எழுதினர். இவர் அத்தொழிலாளி தன் மேசைமுன் அமர்ந்து செய்யும் வேலையையே எழுதினார். திரையில் உள்ள வரிகளை ஒருவன் பல மணிநேரம் பார்த்துக்கொண்டிருப்பதில் நாவலாசிரியனுக்கு என்ன உண்டு என்று ஐயுறுவார் இந்நூலின் முதற் சில இயல்களைப் பயில்வாராக.

கதை நிகழுங் காலம் 1984. களம் கலிபோர்ணியா மாநிலத்தில் ரெலிஜென்சியா என்னும் கற்பனை நிறுவனம். அந்நிறுவனம் தரவுத்தளம் ஒன்றையும், அதனைச் சுட்டியால் இயக்குதற்குரிய திரைமுகத்தையும் ஆக்க முனைந்து நிற்கின்றது. அப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரொஷ் கணினி அவ்வாண்டு சனவரி மாதத்திலேதான் விற்பனைக்கு வந்தது என்பதை நினைவிற்கொண்டால், சுட்டியும் பட்டியும் அன்று எத்துணைப் புதுமையாயிருந்தன என்பது விளங்கும். றொபேட்டா வோல்ற்றன் என்பாள் மொழியியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றவள். பல்கலைக்கழகத்தில் இடங் கிடையாமையால் இந்நிறுவனத்திற் சோதனையாளர் வேலைக்கு வந்தவள். பிறர் எழுதிய நிரலை இயக்கிப் பார்த்து வழுக் கண்டு எழுதிவைத்தல் அவள் தொழில். ஒருநாள் அவள் கைபட்டுத் திரை உறைந்து நின்றுவிடுகின்றது. அவள் அதனைப் பதிவுசெய்கின்றாள், யூ.ஐ. 1017 என்பது அதற்கு இட்ட எண். உரிய நிரலை எழுதியவன் ஈதன் லெவின். வந்து பார்க்குங்கால் வழுவைக் காணோம். பின்னர், முதலீட்டாளர் முன்னிலையிற் பொறியை இயக்கிக் காட்டும் வேளை பார்த்து அது தலைகாட்டுகின்றது. வேண்டியபோது வாராது, வேண்டாதபோது வந்து நின்று நகைக்கும் அதற்குக் ‘கோமாளி’ என்று பொருள்படும் பெயர் வழங்கலாயிற்று. மாதங்கள் கழிகின்றன. ஈதனுடன் வாழ்ந்த ஜோஅன்னா என்பாள் அவனை விட்டு நீங்குகின்றாள். அவன் உள்ளம் படிப்படியாகச் சிதைந்து, ஈற்றில் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொள்கின்றான். வழுவின் காரணம் றொபேட்டாவின் கையால் வெளிப்படுகின்றது. அது அவனைக் காப்பாற்றவில்லை. அக்காரணம் யாதென்று ஈண்டுக் கூறுதல் பயில்வார் இன்பத்தைக் கெடுக்குமாதலிற் கூறாது விடப்படுகின்றது.

நாவலாசிரியை சோதனையாளரை மொழியியல் அறிஞராகப் படைத்தமை தற்செயலானதன்று. றொபேட்டா கற்ற கல்வி மனிதமொழியைப் பற்றியது. மனிதமொழி பிழையைப் பொறுத்துக்கொள்ளும். ஒருவன் வாக்கியத்தை முடியாது விட்டாலும், எழுவாய்க்கு இயையாத பயனிலையைக் கொடுத்தாலும், கேட்பவன் அவன் கருதியதை உணர்ந்து விடையிறுப்பான். ஈதன் எழுதுவது சி என்னும் நிரன்மொழி. அங்கே கேட்பவன் பொறி. கருத்து என்பது பொறிக்கு இல்லை; எழுதியதே கருத்து. ஓர் எண்ணை ஒன்று கூட்டி எழுதினாற் பொறி அவ்வாறே செய்யும். அரைப்புள்ளி ஒன்று விடுபட்டால் மேற்செல்ல மறுக்கும். இலக்கண நூலார் மொழியிற் கூறினால், பொறியின் இலக்கணத்தில் வழு உண்டு, வழுவமைதி இல்லை.

இவ்விலக்கணத்திற் பன்னிரண்டு மணி, பதினான்கு மணி என நாள்தோறும் பழகும் மனிதன் தன்னையும் அதனாலேயே அளக்கத் தலைப்படுகின்றான் என்பதே உல்மன் கண்ட உண்மை. நாவலின் தொடக்கத்தில் ஈதனுக்கு வழு என்பது தான் எழுதிய நிரலில் உள்ளதொரு குறை. நடுவில் அது தன் திறமையில் உள்ளதொரு குறை. பின்னர் அது தானே ஆகிவிடுகின்றது. இம்மாற்றத்தை ஆசிரியை எங்கும் பறைசாற்றிக் கூறவில்லை. வழு அறிக்கை ஒன்றே திரும்பத் திரும்ப வருகின்றது. அதற்கு அவன் காட்டும் எதிர்வினை மட்டும் மாறிக்கொண்டே போகின்றது. முதலிற் சோதனையாளரை அவன் இகழ்கின்றான். சோதனையாளர் என்போர் நிரலாளரின் பார்வையிற் கீழ்ப்படியினர். அவர் கூறுவதைப் பொருட்படுத்தாமை அத்தொழிலின் வழக்கம். அவ்விகழ்ச்சி நாளடைவில் அச்சமாகவும், அச்சம் மறைத்தலாகவும் திரிகின்றது. தான் இப்பணிக்குத் தகுதியுடையவனா என்னும் ஐயம் அவனுள் முன்னரே இருந்தது. வழு அதற்குச் சான்று கூற வந்த சாட்சியாகிவிட்டது.

கிரேக்கத் துன்பியல் நாடகங்களைப் பற்றி அரிஸ்டோட்டில் எழுதிய கவிதையியலில் ‘ஹமார்ட்டியா’ என்றொரு சொல் வருகின்றது. தலைவனின் வீழ்ச்சிக்குக் காரணமாவது அது. குணக்குற்றம் என்று அதனை மொழிபெயர்ப்பார் உளர். வில்லாளியின் அம்பு இலக்கைத் தவறுதல் என்பதே அச்சொல்லுக்கு அடிப்படையான பொருள். கொடியவனாதல் அன்று, குறிதவறுதல். இவ்வகையில் நோக்கின் வழு என்னும் தமிழ்ச் சொல்லும் ஹமார்ட்டியாவும் நெருங்கியவை. ஆயினும் ஈதனைத் துன்பியல் தலைவன் என்று கூறுவார் ஒரு வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும். பண்டைத் தலைவன் செய்த பிழை அரசையும் குடியையும் அழித்தது. ஆதலின் அவன் அழிவும் அதற்கு ஈடாகத் தோன்றியது. ஈதனின் பிழையோ ஒரு திரையைச் சில கணம் உறைய வைத்தது. காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே உள்ள இந்தப் பொருந்தாமையே நாவலின் கொடுமை. உயர்ந்தோன் வீழ்ச்சி கண்டு பிறக்கும் அவலம் ஒருவகை. இத்துணைச் சிறியதற்கு இத்துணைப் பெரியதா என்று மனங் குமையும் அவலம் பிறிதொரு வகை. உல்மன் தருவது இரண்டாவது.

வேண்டியபோது தோன்றாத வழு ஏன் இத்துணைத் துன்பந் தருகின்றது என்பது கணினி அறியாதார்க்கு எளிதில் விளங்காது. நிரலின் வழுவைக் களைய வேண்டுமாயின் முதலில் அதனை மீண்டும் நிகழச் செய்தல் வேண்டும். நிகழ்ந்த கணத்தில் நிரலை நிறுத்தி, எவ்வெவ்விடத்தில் எவ்வெவ்வெண் இருந்தது என்று ஆராய்தல் வேண்டும். ஆராய முற்படும் செயலே நிரலின் ஓட்டத்தைச் சிறிது மாற்றிவிடுமாதலிற் சில வழுக்கள் பார்க்கும்போது மறைந்து, பாராதபோது தோன்றும். 1985 இல் ஜிம் கிறே என்னும் கணினியறிஞர் தம் கட்டுரையொன்றில் இவ்வகை வழுக்களை இயற்பியலறிஞர் ஹைசன்பேர்க்கின் பெயரோடு சார்த்தி ‘ஹைசன்பக்’ என வழங்கினார். இத்தகைய வழுவைத் தேடுவோனுக்கு முன்னேற்றம் என்பதே தென்படாது. நூறு மணிநேரம் உழைத்த பின்னும் அவன் முதல்நாள் நின்ற இடத்திலேயே நிற்பான். நேற்று அது தோன்றாமையால் நீங்கிற்றா, ஒளிந்ததா என்றும் அறியான். வயலில் உழைப்பவனுக்கு அந்தி உண்டு, அறுவடை உண்டு. இவனுக்கு இரண்டும் இல்லை.

கணினித் தொழிலின் உளத்துன்பத்தை எழுதுவோர் பெரும்பாலும் வேலைநேரத்தின் மிகுதியையே காரணமாகக் காட்டுவர். அதிலும் உண்மையுண்டு. மக்கின்ரொஷ் கணினியை ஆக்கிய குழுவினர் வாரத்துக்குத் தொண்ணூறு மணிநேர உழைப்பைப் பெருமையாகப் பொறித்த மேலங்கிகளை அணிந்திருந்தனர் என்பது அத்தொழிலின் வரலாற்றிற் பதிவான செய்தி. அன்று அது நகைச்சுவையாகக் கருதப்பட்டது. உலக சுகாதார தாபனமும் சர்வதேச தொழில் தாபனமும் 2021 இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணிநேரமோ அதற்கு மேலோ உழைத்தமை காரணமாக 2016 ஆம் ஆண்டில் மட்டும் பாரிசவாதத்தாலும் இதயநோயாலும் 745,000 பேர் இறந்தனர் என மதிப்பிடப்பட்டது. இவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. எனினும் ஈதனின் நோயை மணிக்கணக்கு ஒன்றினால் அளத்தல் இயலாது. றொபேட்டாவும் அதே நிறுவனத்தில், அதே வழுவோடு, இரவும் பகலும் போராடினாள். அவள் சிதையவில்லை.

உலக சுகாதார தாபனம் 2019 இல் ஏற்றுக்கொண்டு 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டிற் பணியாற் சோர்ந்து எரிந்துபோதல் என்னும் நிலை, நோயெனக் கொள்ளப்படாது தொழில்சார் நிகழ்வு என வரையறுக்கப்பட்டுள்ளது. அதற்குக் கூறும் அடையாளங்கள் மூன்று: ஆற்றல் வற்றுதல், வேலையினின்றும் உள்ளம் விலகிப்போதல், செயற்றிறன் குன்றுதல். இவ்வரையறையைக் கையிற்கொண்டு ஈதனை நோக்கின் முதலாவதும் மூன்றாவதும் பொருந்துகின்றன, இரண்டாவது பொருந்தவில்லை. அவன் உள்ளம் வேலையினின்று விலகவில்லை. விலக முடியாமையே அவன் நோய். வீட்டிலிருக்கும்போதும், பிறரோடு பேசும்போதும், அவன் உள்ளத்தில் நிரல் ஓடிக்கொண்டேயிருக்கின்றது. வெறுப்பினாற் கைவிட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான். வேலையை நேசிப்போனுக்கே நேரும் இந்நோயை வரையறைகள் இன்னும் செம்மையாகப் பிடிக்கவில்லை என்றே கூறவேண்டும். நாவல் இருபதாண்டுக்கு முன்னரே பிடித்துவிட்டது. கணினித் தொழிலை நாடிச் செல்லும் மாணவர் இந்நூலைப் பயில வேண்டும் என்பதற்கு இஃதொன்றே போதிய காரணம்.

ஈதன் தன் வீட்டுக் கணினியிற் பல்லாண்டாக ஒரு செயற்கை உலகை வளர்த்துவருகின்றான். இது 1970 இல் ஜோன் கொன்வே என்னும் கணிதவறிஞர் வகுத்த ‘உயிர் விளையாட்டை’ அடியொற்றியது. கட்டங்கள் நிறைந்த பரப்பில் இரண்டோ மூன்றோ அயற்கட்டங்கள் உயிருடன் இருக்கும் கட்டம் வாழும். அதனிற் குறைந்தால் தனிமையாலும் மிகுந்தால் நெருக்கத்தாலும் மடியும். சரியாக மூன்று அயல் உயிர்கள் சூழ்ந்த வெற்றிடத்திற் புதிய உயிர் தோன்றும். இவ்வளவே விதி. இவ்வெளிய விதிகளினின்று எதிர்பாராத வடிவங்கள் பிறந்து நகர்ந்து மறைவதைக் கண்டோர் அதில் மயங்குவர். அயலார் இன்மையால் உயிர் மடியும் என்ற விதியைத் திரையிற் பார்த்திருப்பவன் தன் வீட்டிற் தனித்துப்போகின்றான். இவ்வொப்புமையை உல்மன் மிகையாக அழுத்தவில்லை. குறிப்பினால் உணரவைத்து அப்பாற் செல்கின்றார். நூலில் மிகச் சிறந்த பகுதிகளுள் இவை சேரும்.

குறைகளும் இல்லாமலில்லை. அவற்றுள் தலையாயது ஜோஅன்னாவின் பிரிவு. வேலையால் விளைந்த உளச்சிதைவைக் காட்டவந்த நாவல், அதே காலத்திற் காதற்றோல்வி ஒன்றையும் தலைவன் தலையில் ஏற்றியமையால், நிறுவனத்தின் பொறுப்பு மங்கிப்போகின்றது. அவன் இறந்தது வேலையாலா, காதலாலா என்று நிறுவனத்து மேலாளர் வினவின் அவருக்கு ஆசிரியையே ஒரு தப்பும் வழியைத் திறந்துவைத்தவராகின்றார். வீடும் வேலையும் ஒன்றையொன்று தின்பது உலகியல் என்று இதற்கு விடை கூறலாம். ஜோஅன்னா நீங்குவதற்கு ஈதனின் வேலையும் ஒரு காரணம் என்பதும் உண்மை. ஆயினும் அவள் ஒரு பாத்திரமாக உயிர்பெறவில்லை. இல்லாமையினாலே மட்டும் அறியப்படுகின்றாள். தலைவனைத் தனிமைப்படுத்துதற்கு வேண்டிய அளவு மட்டும் வரைந்துவிட்டு ஆசிரியை நீங்கிவிட்டார் என்றே தோன்றுகின்றது. அவளுக்கு இரண்டு இயல்களேனும் கொடுத்திருக்கலாம்.

நிறுவனத்தைப் பற்றிய சித்திரிப்பிலும் இதே தயக்கம் காணப்படுகின்றது. ஒருவன் நிலைகுலைவதைப் பலர் பார்க்கின்றனர். வழு நீங்கிற்றா என்று வினவுவதற்கு ஆளுண்டு. நலமாயிருக்கின்றாயா என்று வினவுவதற்கு ஆளில்லை. இவ்வுண்மையை நாவல் காட்டுகின்றது. காட்டிய பின் அதன்மேற் சினங்கொள்ள மறுக்கின்றது. முதலீட்டாளர், கெடுநாள், விற்பனை என்பன மழை வெயில் போல இயற்கையாய் அமைந்தன என்னும் பாங்கிலே கதை செல்கின்றது. அவற்றை அமைத்தவரும் மனிதரே. பொருளாதார உறவுகளை ஊன்றி நோக்கும் திறனாய்வாளர் இந்நாவலை இவ்விடத்திற் குறைகூறின் அதனை மறுத்தல் எளிதன்று.

நடை குறித்துச் சில கூறவேண்டும். நாவலின் இடையிடையே சி மொழியின் நிரல் வரிகள் அப்படியே அச்சாகியுள்ளன. அறியாதார்க்கு அவை தடையாயிருக்குமோ என்று அஞ்சவேண்டியதில்லை. றொபேட்டாவும் தொடக்கத்தில் அறியாதவளே. அவள் சிறிது சிறிதாகக் கற்கக் கற்கப் பயில்வோனும் உடன் கற்கின்றான். மொழியியல் அறிஞர் ஒருத்தி, இகழ்ந்து நோக்கிய மொழியொன்றின் அழகிற் படிப்படியாக ஈடுபடுவதைக் காட்டும் அவ்வியல்களில் ஒருவகை உவகையும் உண்டு. ஒரே பொருள் ஒருவனை அழிக்க, ஒருத்தியை ஆட்கொள்கின்றது.

ஈதன் கதை படர்க்கையிலும் றொபேட்டா கதை தன்மையிலும் மாறிமாறி வருகின்றன. இரண்டினையும் சொல்பவள் றொபேட்டாவே. தான் காணாத இரவுகளையும், அவன் எவர்க்கும் வெளியிடாத எண்ணங்களையும் அவள் எங்ஙனம் அறிந்தாள் என்ற வினா எழுதல் இயல்பு. சில திறனாய்வாளர் இதனை உத்திக் குறையென்பர். ஆயின் வழுவை முதலிற் கண்டு அவன் மேசைக்குக் கொண்டுசென்றவள் இவள் என்பது மறக்கற்பாலதன்று. அவன் உயிரோடிருந்தபோது, வாக்கியத்தின் பிழையைக் கடந்து கருத்தை உணரும் பயிற்சி பெற்றிருந்த அவளும் அவனிடத்தில் வழுவை மட்டுமே கண்டாள். அவனும் அவளை இகழ்ந்தான். 2000 ஆம் ஆண்டில், விமான நிலையமொன்றின் குடிவரவு மேசையில், உத்தியோகத்தர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க அவள் காத்து நிற்கின்றாள். அங்கேதான் அவன் சொல்லாது விட்ட இடங்களை அவள் நிரப்பத் தொடங்குகின்றாள்.